நட்சத்திரக் குறி

ஆதம்பாக்கம், சென்னை
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பா,

நாற்பது வயதாகிவிட்டது, இன்னும் என்ன பாப்பா என்று கேட்காதே. வேறு பெயரில் கூப்பிட எனக்கு வராது.

வியாழக்கிழமை ராத்திரி நீ அம்மாவோடு பேசியது எனக்கும் கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை. அவள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் நாலடி தள்ளி ஊஞ்சலில் இருந்தேன். உன்னைத் தலைமைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், உனக்குக் கீழே இருந்த பையனை அங்கே உட்கார வைத்துவிட்டார்கள், நீ வேலைக்குப் போகிற ரயிலில் இருக்கும்போது எல்லோருக்கும் போன மெயிலில்தான் உனக்கே தெரிந்தது என்று சொன்னாய். திங்கட்கிழமை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றாய். கடைசியாக, "அப்பாகிட்ட சொல்லாதே" என்றாய். அதுவும் கேட்டது.

ஃபோனில் பேசினால் ரெண்டு நிமிஷத்தில் "சரி, சாப்பிட்டியா" என்று முடித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எதிர் வீட்டுப் பையன் புதன்கிழமை பர்மிங்காம் கிளம்புகிறான். பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் இந்தக் கவர் இருக்கும். அதற்குள் திங்கட்கிழமை வந்து போயிருக்கும் என்று தெரியும். அதற்காகத்தான் நேற்று அம்மாவை விட்டு "இந்த மாசம் முழுக்க ஒண்ணும் எழுதிக் கொடுத்துடாதே" என்று சொல்லச் சொன்னேன். அவளாகச் சொன்ன மாதிரிதான் சொல்லியிருப்பாள்.

இன்றைக்கு மத்தியானம் பரண் மேலிருந்து என் பழைய நோட்டுகளை இறக்கினேன். நீ சின்னப் பிள்ளையில் "அப்பாவோட கணக்கு நோட்டு" என்பாயே, அதேதான். வாரக் கடைசியில் லீக் கிரிக்கெட் மேட்சுகளுக்கு ஸ்கோர் எழுதப் போவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே, பன்னிரண்டு வயதிலிருந்து, பேப்பரில் வருகிற டெஸ்ட் ஸ்கோரையெல்லாம் நோட்டில் பிரதி எடுத்து வைப்பேன். வரிக்கு வரி, புள்ளிக்குப் புள்ளி. கேப்டன் பெயருக்குப் பக்கத்தில் பேப்பரில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதைச் சிவப்பு மையில் போடுவேன்.

1974 டிசம்பர், டெல்லி டெஸ்ட், வெஸ்ட் இண்டீஸோடு. அந்தப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் வெங்கட்ராகவன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேப்டன் பட்டோடிக்கு பெங்களூரில் விரலில் அடி. அடுத்தபடியாக நினைத்திருந்த கவாஸ்கருக்கும் விரலில் காயம். அப்படித்தான் நம்ம ஊர் வெங்கட்டிடம் பொறுப்பு வந்தது. விவியன் ரிச்சர்ட்ஸ் என்று அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாத ஒரு பையன் ஆட்டமிழக்காமல் 192 அடித்தான். இன்னிங்ஸ் தோல்வி.

அடுத்த பக்கம் கல்கத்தா. பட்டோடி திரும்பிவிட்டார், நட்சத்திரமும் அவரிடம் திரும்பிவிட்டது. வெங்கட் எந்த வரியில் என்று மேலிருந்து கீழே தேடினேன். பதினொரு வரி. அவர் இல்லை. போன மேட்சின் கேப்டன், இந்த மேட்சில் பன்னிரண்டாவது ஆள். தண்ணீர் கொண்டுபோகிற ஆள்.

ஸ்கோர் புத்தகத்தில் பன்னிரண்டாவது ஆளுக்கு வரி கிடையாது பாப்பா. அவன் உள்ளே வந்து ஒரு கேட்ச் பிடித்தால்கூட நாங்கள் 'சப்' என்றுதான் எழுதுவோம், பெயர் எழுத மாட்டோம். அது வழக்கம். இருபத்தோரு வயதில் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்தபோது எனக்கு அழுகை மாதிரி வந்தது ஞாபகம் இருக்கிறது. இந்தியா அந்த மேட்சை ஜெயித்தது, அதுவும் ஞாபகம் இருக்கிறது. சந்தோஷப்படவா வேண்டாமா என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தேன்.

உனக்கு அவரை அம்பயராகத்தான் தெரியும். வெள்ளைத் தொப்பி, விறைப்பான முகம், எதற்கும் சிரிக்காத மனுஷன். எனக்கு அவர் வேறு ஆள். 1965இல் நியூசிலாந்து வந்தபோது சென்னையில்தான் முதல் டெஸ்ட் ஆடினார். அப்போது மேட்ச் சேப்பாக்கத்தில் இல்லை, கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். அதே தொடரில் டெல்லியில் ஒரு இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு எட்டு விக்கெட், மேட்சில் மொத்தம் பன்னிரண்டு. வயது பத்தொன்பது. ஊரில் முடிவெட்டுகிற கடை ரேடியோவில் அதைக் கேட்டேன். கத்தரியை நிறுத்திவிட்டு அவரும் கேட்டார், என் தலை ஒரு பக்கம் மட்டும் வெட்டியபடி. கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் படித்த பையன் என்று யாரோ சொன்னார்கள். நான் பின்னாளில் வேலை தேடிக் கிண்டிக்கு வந்து இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் வந்தது காலேஜுக்கு இல்லை, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு. அது வேறு கதை.

ஆஃப் ஸ்பின். நல்ல உயரம். பந்தை அந்தரத்தில் தொங்கவிட்டு ஆசை காட்டுகிற வேலை பிரசன்னாவுடையது. வெங்கட் அப்படி இல்லை, கொஞ்சம் வேகமாக, குறி தப்பாமல் போட்டுக்கொண்டே இருப்பார். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட் என்று நாலு பேரையும் ஒரே மூச்சில் சொல்வோம். ஆனால் நாலு பேரும் சேர்ந்து ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்றுதான். 1967இல், உன் ஊர் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில். வேகப்பந்து போட ஆள் இல்லாமல் விக்கெட் கீப்பர் குந்தரனை விட்டுப் புதுப் பந்தைப் போடவைத்தார் பட்டோடி! மற்ற நாளெல்லாம் ஒரு ஆஃப் ஸ்பின்னருக்குத்தான் இடம். பிரசன்னாவா, வெங்கட்டா? பெங்களூர்க்காரர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிரசன்னாதான் பெரிய பவுலர். இதை நான் சேப்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருநாளும் சொன்னதில்லை.

அதனால் அவர் வாழ்க்கை முழுக்க உள்ளே, வெளியே, உள்ளே, வெளியேதான். 1969இல் பம்பாய் டெஸ்டுக்கு முதலில் பெயரில்லை. சத்தம் கிளம்பியதும் வங்காளத்துக்காரர் சுப்ரதா குஹா ஒதுங்கிக்கொண்டு இடம் கொடுத்தார். 1971இல் அதே வெங்கட் வெஸ்ட் இண்டீஸுக்குத் துணைக் கேப்டன். அங்கே நாம் முதல் தடவையாகத் தொடர் ஜெயித்தபோது நம் அணியில் அதிக விக்கெட் எடுத்தவர் அவர்தான், 22. தொடர்ந்து இங்கிலாந்திலும் ஜெயித்தோம், அந்தத் தொடரில் பிரசன்னா ஒரு டெஸ்டும் ஆடவில்லை. இதை மட்டும் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

உலகக் கோப்பை என்று ஒன்று ஆரம்பித்தபோது, 1975இல், முதல் இந்தியக் கேப்டன் அவர். லார்ட்ஸில் இங்கிலாந்து 334. நாம் அறுபது ஓவர் ஆடி 132, கவாஸ்கர் கடைசிவரை நின்று 36. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. நாலு வருஷம் கழித்து 1979இலும் அவரே கேப்டன். மூன்று மேட்ச், மூன்றும் தோல்வி. முதல் அடி எட்ஜ்பாஸ்டனில், வெஸ்ட் இண்டீஸிடம். கடைசி அடி மான்செஸ்டரில், அப்போது டெஸ்ட் அந்தஸ்துகூட இல்லாத இலங்கையிடம், 47 ரன் வித்தியாசத்தில். ரெண்டு உலகக் கோப்பையும் சேர்த்து ஆறு மேட்சில் ஒரே வெற்றி, கிழக்கு ஆப்பிரிக்காவோடு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 1979இல் அவருக்கு அந்தப் பதவி எப்படி வந்தது? அதற்கு முந்தைய குளிர்காலத்தில் கவாஸ்கர் கேப்டனாக இருந்து வெஸ்ட் இண்டீஸை 1-0 என்று ஜெயித்து, 732 ரன்னும் அடித்திருந்தார். ஜெயித்த கேப்டனை எழுப்பிவிட்டுத்தான் வெங்கட்டை உட்கார வைத்தார்கள். அன்றைக்கு நாங்கள் யாரும் கவாஸ்கருக்கு எப்படித் தெரிவித்தார்கள் என்று கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரருக்குக் கிடைத்தது, மேன்ஷனில் எல்லோருக்கும் ஒரு டீ அதிகம், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் உனக்கு அந்தப் பொறுப்பு வந்தபோது அம்மா பக்கத்து வீடெல்லாம் கேசரி கொடுத்தாள். அதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள், அவருக்கு யார் எப்படிச் சொன்னார்கள் என்று நானும் கேட்கவில்லை. இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

சரி, ஓவலுக்கு வருகிறேன்.

அதே 1979, இங்கிலாந்தில் நாலு டெஸ்ட் தொடர். முதல் டெஸ்ட் மறுபடியும் உன் எட்ஜ்பாஸ்டன்தான். இங்கிலாந்து ஐந்து விக்கெட்டுக்கு 633, நாம் இன்னிங்ஸும் 83 ரன்னும் வித்தியாசத்தில் காலி. நடுவில் ரெண்டு டிரா. கடைசி டெஸ்ட் லண்டன் ஓவலில், கடைசி நாள், செப்டம்பர் 4. ஜெயிக்க 438 வேண்டும். அதுவரை அத்தனை ரன்னைத் துரத்தி யாரும் டெஸ்டில் ஜெயித்தது கிடையாது.

நான் அப்போது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். எட்டுக்குப் பத்து அறை, மூன்று கட்டில், ஒரு டிரான்சிஸ்டர். அங்கே சாயங்காலம் என்றால் நமக்கு ராத்திரி பத்து, பதினொன்று. ஷார்ட்வேவ் அலை மாதிரி வரும், போகும். ஏரியலில் ஒரு செம்புக் கம்பியைக் கட்டி ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தோம், அதை ஒருவன் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், விட்டால் சத்தம் போய்விடும். அன்றைக்கு அந்த முறை என்னுடையது. கவாஸ்கரும் சௌகானும் முதல் விக்கெட்டுக்கு 213. அப்புறம் வெங்சர்க்கார். ஒரு விக்கெட்டுக்கு 366! மாடிப்படியெல்லாம் ஆட்கள். கீழே மெஸ் நடத்துகிறவர் கல்லாவைப் பூட்டிவிட்டு மேலே வந்துவிட்டார்.

வெங்சர்க்கார் அவுட் ஆனதும் அடுத்து விஸ்வநாத் வருவார் என்று காத்திருந்தோம். வந்தது கபில்தேவ். அடித்து ஆடிச் சீக்கிரம் முடிக்கட்டும் என்று கேப்டன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கபில் பூஜ்யம். விஸ்வநாத் அதற்கப்புறமும் வரவில்லை, யஷ்பால் வந்தார். கவாஸ்கர் 221இல் அவுட். விஸ்வநாத் கடைசியில் உள்ளே வந்தபோது பந்து குறைந்துபோய்விட்டது. எட்டு விக்கெட்டுக்கு 429இல் நேரம் முடிந்தது. ஒன்பது ரன். இன்னும் ஒன்பதே ரன். நான் கம்பியை விட்டேன், ரேடியோ கரகரத்துச் செத்துப்போனது.

கபிலை முன்னால் அனுப்பியது தப்பு. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் தப்புதான். என் ஊர்க்காரர், என் ஹீரோ, ஆனாலும் தப்பு. அது சரியாகிப் போயிருந்தால் மேதை என்றிருப்போம் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. டீம் இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்புகிறது. விமானம் ஆகாயத்தில் இருக்கும்போதே, இனி கவாஸ்கர்தான் கேப்டன் என்று பைலட் மைக்கில் அறிவித்தாராம். வெங்கட் அந்த விமானத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மற்ற எல்லா ஆட்டக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து போகக்கூட இடம் கிடையாது. யோசித்துப் பார், உனக்காவது அடுத்த ஸ்டேஷனில் இறங்க வழி இருந்தது.

இதில் ரெண்டு கணக்கு இருக்கிறது பாப்பா. எடுத்தது ஒரு கணக்கு. எடுத்த விதம் இன்னொரு கணக்கு. ரெண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் கூட்டல் தப்பிவிடும். எடுத்த விதம் அசிங்கம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எடுத்தது? கேப்டனாக ஐந்து டெஸ்ட், ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. உலகக் கோப்பையில் அந்த அடி. அந்தப் பக்கம் கவாஸ்கர் காத்திருக்கிறார். தேர்வுக் குழுவில் நான் இருந்திருந்தாலும் மாற்றியிருப்பேன். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன், அது மட்டும்தான் வித்தியாசம்.

உன் விஷயத்திலும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வேலை ரெண்டு மாசம் தள்ளிப்போகும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தும் மேலே சொல்லவில்லை, எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன் என்று நீதான் அம்மாவிடம் சொன்னாய். ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னாய், அதனால்தான் எனக்குச் சரியாகக் கேட்டது. அது உன்னுடைய கபில்தேவ். மெயிலில் தெரிவித்தது அவர்களுடைய அசிங்கம். நீ இப்போது அவர்கள் அசிங்கத்தை எடுத்து உன் தப்பின் மேல் போர்வை மாதிரி போர்த்துகிறாயோ என்று எனக்கு ஒரு பயம்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் போர்த்தியிருக்கிறேன்.

நங்கநல்லூரில் மாமரம் வைத்த வீடு உனக்கு ஞாபகம் இருக்கும். ஏன் அதை விட்டு அனகாபுத்தூரில் அந்த ஒற்றை போர்ஷனுக்குப் போனோம் என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். வாடகை ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருந்தோம். வாடகை ஏறவில்லை. அப்போது நான் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் ஃபோர்மேன். ஒரு லாட் முழுக்க அளவு தப்பித் திரும்பி வந்தது. அளவு பார்க்கிற கேஜ் தேய்ந்திருந்தது, நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் காலையில் கார்டு அடிக்கப் போகிறேன், டைம் ஆபீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஃபோர்மேன் என்ற இடத்தில் வேறு பெயர். எனக்குப் பின்னால் வரிசையில் பதினைந்து பேர், எல்லோரும் படித்துவிட்டு என் முதுகைப் பார்க்கிறார்கள்.

மத்தியானத்துக்குள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து ரொம்ப அழகாக வந்தது, அதுகூட ஞாபகம் இருக்கிறது. பதினோரு மாசம் வேலை கிடைக்கவில்லை. என் இடத்துக்கு வந்தவர் ரெண்டு தடவை வீடு தேடி வந்தார், திரும்பி வாங்க, மெஷின் பக்கம் நீங்க இல்லாமல் ஓடவில்லை என்றார். நான் உள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. வாசலில் அம்மாவிடம் பேசிவிட்டு ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார். நீதான் அத்தனையையும் தின்றாய், ஆறு வயது. யாரிடமும் கேஜைப் பற்றி நான் பேசியதே இல்லை, போர்டில் ஒட்டிய தாளைப் பற்றி மட்டும்தான் பேசினேன். வருஷக்கணக்காக. உன் அம்மாவுக்கே இந்தக் கேஜ் விஷயம் தெரியாது. இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டாதே.

ஓவலுக்கு ஏழு நாள் கழித்து, செப்டம்பர் 11, சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு முதல் டெஸ்ட். நான் லீவு போட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். வெங்கட் வருவாரா மாட்டாரா என்றுதான் மேன்ஷனில் பந்தயம். விமானத்தில் அந்த அறிவிப்பு, அடுத்த மேட்சே சொந்த ஊரில், மேலே கேப்டன் கவாஸ்கர். நானாக இருந்தால் முதுகுவலி என்று சொல்லியிருப்பேன். அவர் ஆடினார். கவாஸ்கர் கையைக் காட்டிய இடத்தில் போய் நின்றார், பந்தைக் கொடுத்தபோது போட்டார். தூரத்திலிருந்து முகம் தெரியவில்லை. அந்த முகத்தில் தெரிவதற்கும் ஒன்றும் இருக்காது, அது எப்போதுமே அப்படித்தான்.

நான் அந்த மேட்சின் பட்டியலை எழுதும்போது சிவப்பு பேனாவை எடுத்து நட்சத்திரத்தைக் கவாஸ்கர் பக்கத்தில் போட்டேன். அரை நொடி வேலை. வெங்கட் பெயர் கீழே பவுலர்கள் நடுவில். அதில் ஒன்றும் குறைந்த மாதிரித் தெரியவில்லை, அவருக்கு எப்போதும் உள்ள அதே வரிதான்.

மனசுக்குள் அவருக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கசப்பு இல்லாமலா இருந்திருக்கும்? அப்படியெல்லாம் அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அதற்கப்புறமும் வெளியே போட்டார்கள். தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடிக்கொண்டே இருந்தார், ரஞ்சியில் மட்டும் 530 விக்கெட். 1983இல், முப்பத்தேழு வயதில், வெஸ்ட் இண்டீஸ் டூருக்கு மறுபடி கூப்பிட்டார்கள். கேப்டன் யார் தெரியுமா? ஓவலில் இவர் முன்னால் அனுப்பிப் பூஜ்யத்தில் வந்தாரே, அந்தக் கபில்தேவ். அவருக்குக் கீழேயும் ஆடினார். ரெண்டு மாசம் கழித்துக் கபில் உலகக் கோப்பையைத் தூக்கியபோது அந்த டீமில் இவர் இல்லை. முதல் ரெண்டு கோப்பையிலும் கேப்டனாக இருந்து அடிவாங்கிய ஆளுக்கு மூன்றாவதில் தண்ணீர் தூக்கக்கூட இடமில்லை. விளையாட்டு அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்வது.

57 டெஸ்ட், 156 விக்கெட். அதோடு முடிந்தது என்று நானும் நோட்டை மூடியிருந்தேன். 1993இல் பேப்பரில் கல்கத்தா டெஸ்ட் ஸ்கோரைப் பார்க்கிறேன், அடியில் அம்பயர்கள் என்ற இடத்தில் அவர் பெயர். அதே கல்கத்தா, பன்னிரண்டாவது ஆளாக உட்கார வைத்த இடம். பன்னிரண்டாவது ஆளுக்கு வரி கிடையாது, அம்பயருக்கு உண்டு. கையில் இருந்த காபியோடு எழுந்து நின்றுவிட்டேன். உன் அம்மா "யாரு செத்தா" என்று கேட்டாள்.

பத்து, பதினோரு வருஷம் நின்றார். 73 டெஸ்ட், ஆடியதைவிட அதிகம். 2002இல் ஐசிசி எலீட் பேனல் என்று எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்தபோது அதில் இந்தியாவிலிருந்து இவர் ஒருவர்தான். 1969 பம்பாயில் இவரைக் கீப்பர் கேட்ச் என்று அவுட் கொடுத்ததற்குத்தான் கூட்டம் நாற்காலியை உடைத்துத் தீ வைத்தது. அவுட்டே இல்லை என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஒரு தப்பான விரலால் ஒரு ஸ்டேடியமே எரிவதை நடுவில் நின்று பார்த்தவர், பிற்காலத்தில் அந்த விரலைத் தூக்குகிற வேலைக்கே வந்தார். அவர் ஏன் சிரிக்காமல் நின்றார் என்று நான் ஆச்சரியப்பட்டதில்லை.

1999 ஜூன் 17 உனக்கே ஞாபகம் இருக்கும். ப்ளஸ் டூவுக்கு முந்தைய வருஷம், நீயும் நானும் ராத்திரி விழித்திருந்து பார்த்தோம். உலகக் கோப்பை அரையிறுதி, ஆஸ்திரேலியா 213, தென்னாப்பிரிக்கா 213. க்ளூஸ்னர் ஓட, டொனால்டு மட்டையைக் கீழே போட்டுவிட்டு நடு வழியில் நின்றது. நீ தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாய். அங்கே வெள்ளைத் தொப்பியோடு நின்ற ரெண்டு பேரில் ஒருவர் ஷெப்பர்டு, இன்னொருவர் வெங்கட். இடம் எது? எட்ஜ்பாஸ்டன்! நாலு பேரும் சேர்ந்து ஆடிய ஒரே டெஸ்ட், கேப்டனாக உலகக் கோப்பையில் விழுந்த அடி, 633, இந்த மேட்ச், எல்லாம் ஒரே புல்தரை. உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் என்று சொன்னாய். ஏழு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாய், ஒருநாள் போய்ப் பார்த்தாயா? வேலை, வேலை. இப்போது ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட முடிகிறது என்று அழுதுகொண்டே சொன்னாயே, ஒரு சாயங்காலம் போயேன். வெளியில் நின்று ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு, போதும்.

ராஜினாமா கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுக்க வேண்டியிருக்கலாம், அந்த இடம் உனக்கு ஒத்துவராமலே போகலாம். கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பையனோடு ஒரு தடவை டீ குடி. அவனுக்கும் மெயிலில்தான் தெரிந்ததோ என்னவோ. உன் கேஜ் எங்கே தேய்ந்தது என்று அவனிடம் இல்லாவிட்டாலும் உன்னிடமாவது சொல்லிக்கொள். அப்புறம் கொடு. கையெழுத்து அவ்வளவு அழகாக வந்தால் மட்டும் ஒருநாள் தள்ளிப்போடு.

டப்பாவில் பருப்புப்பொடி, தனியாக ஒரு பொட்டலத்தில் நாரத்தங்காய். பொடியில் காரம் கொஞ்சம் தூக்கல், நான் அரைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி தேவலை.

இன்னொன்று. நான் ஸ்கோர் எழுதிய நாளெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. அம்பயர் அங்கிருந்து கையைத் தூக்கிச் சிக்னல் கொடுப்பார். நாங்கள் மேஜையிலிருந்து கையைத் தூக்கிப் பதில் காட்ட வேண்டும், பார்த்தாயிற்று, எழுதியாயிற்று என்று. நாங்கள் காட்டும்வரை அவர் அப்படியே நிற்பார், அடுத்த பந்தைப் போடவிட மாட்டார். வெயிலில் எத்தனை நேரமானாலும் நிற்பார்கள். கவர் கிடைத்ததும் பெரிதாக எதுவும் எழுத வேண்டாம், பேசவும் வேண்டாம். கிடைத்தது என்று ஒரு கை மட்டும் காட்டு. அதுவரை நான் நின்றுகொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா